பழைய போட்டோ சரிசெய்யும் கடை: வேலை அருமை, சிரிப்பு மட்டும் வேண்டாம்

சேலம் கடைவீதிப் பக்கம் பழைய போட்டோக்களைச் சரிசெய்து பெரிதாகப் போட்டுத் தரும் ஒரு கடையில் தாத்தா பாட்டியின் கல்யாணப் படத்தைக் கொடுத்திருந்தேன். வேலைத்திறமைக்கு ஐந்துக்கு ஐந்து. ஆனால் ஒரு ஸ்டாரைக் குறைக்கிறேன், ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நல்லது. படம் கண்ணாடியோடு ஒட்டிப்போய் ஓரமெல்லாம் பூஞ்சை பிடித்திருந்தது. பிரித்தால் முகமே உரிந்து வந்துவிடும் என்று அவர்களே சொல்லி, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்தார்கள். பாட்டி சேலையின் சரிகைக் கரை, பின்னால் திரையில் வரைந்த தூண், தாத்தா உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்திருக்கும் பாட்டியின் விரல்கள் எல்லாம் அவ்வளவு தெளிவு. அந்த விரல்களை நான் இதுவரை கவனித்ததே இல்லை.

அப்புறம் வாட்ஸ்அப்பில் மாதிரிப் படம் வந்தது, அதில் இரண்டு பேரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். நாங்கள் கேட்கவே இல்லை. அம்மா பார்த்த உடனே, "எங்கம்மாவுக்கு முன்பல் தூக்கலா இருக்கும், இது யாரு பல்லு? அவங்க சிரிச்சா முந்தானையால வாயை மூடிக்குவாங்க" என்றார். ஏஐ சாஃப்ட்வேர் தானாகப் போட்ட பற்கள் அவை.

கடையில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினான். "இல்லீங்க்கா, அந்தக் காலத்து கேமராவுல ரொம்ப நேரம் ஆடாம அசையாம நிக்கணும், அதனாலதான் சிரிக்காம இருப்பாங்க. இப்ப எல்லாரும் சிரிச்ச மாதிரிதான் கேக்கறாங்க." பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். 1839-ல் புகைப்படம் வந்த புதிதில் ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் ஆனது உண்மை. ஆனால் இது 1950களில் எடுத்த படம். அதே காலத்தில் இதே சேலத்தில், ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமா ஸ்டூடியோ நொடிக்கு 24 பிரேம் ஓடும் கேமராவில் நடிகர்கள் சிரிப்பதையும் அழுவதையும் எடுத்துக்கொண்டிருந்தது, 1956-ல் வண்ணப் படமே வெளியிட்டது. கேமராவுக்குச் சிரிப்பைப் பிடிக்கத் தெரியும். சபையில் சிரிக்கக் கூடாது என்று இருந்தது மனிதர்களுக்குள்தான். நம் ஊரில் மட்டும் இப்படி என்றும் இல்லை. 1787-ல் பாரீசில் விஜே லெப்ரன் என்ற ஓவியர் தன் படத்தைத் தானே பல் லேசாகத் தெரிய வரைந்து கண்காட்சியில் வைத்ததற்கு அங்கே முகம் சுளித்திருக்கிறார்கள்.

"பொம்பள சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்த காலம் அது. மணமேடையில் பெண் சிரித்தால் கல்யாணத்துக்கு அலைந்தாள் என்பார்கள், புருஷன் வீட்டுக்குக் கிளம்பும்போது அழாவிட்டால் கல்நெஞ்சக்காரி என்பார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. இதே கடை சுவரில் மாட்டியிருக்கும் இப்போதைய ஆல்பங்களில் ஏற்காடு பகோடா பாயிண்டில் மணப்பெண் தலையைச் சாய்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள், ஒரு மாப்பிள்ளை தாலி கட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. அதைப் பார்க்க மனசு நிறைந்தது.

ஆனால் அதற்காகப் பாட்டி முகத்தைத் திருத்தலாமா? உணர்ச்சிகள் வெளியே தெரிவதைப் பற்றிப் பேசும் தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகைக்கு, அதாவது சிரிப்புக்கு, சொல்லும் காரணங்கள் எள்ளல் (கேலி), இளமை, பேதைமை, மடன் (மடமை). பெருமிதத்துக்குச் சொல்வது கல்வி, தறுகண் (அஞ்சாமை), இசைமை (புகழ்), கொடை. பெருமை காட்ட வேண்டிய இடத்தில் சிரிப்பு வேண்டும் என்ற எண்ணமே அந்தக் கணக்கில் இல்லை. சேலம் குகை பகுதியில் தறி நெய்த ஒரு குடும்பம் காசு சேர்த்து ஸ்டூடியோவுக்குப் போய் நிமிர்ந்து நிற்கிறது. அந்த முகத்தில் இருப்பதைச் சோகம் என்று இன்றைக்குப் படிக்கிறோம், எனக்கு அது பெருமிதமாகத்தான் தெரிகிறது. பயமும் கொஞ்சம் இருந்திருக்கும், விரல்களைப் பார்த்தால் தெரியும். அந்தச் சிரிப்பைப் போட்டால் இரண்டும் போய்விடும், என் பெண் வளர்ந்து பார்க்கும்போது அந்தக் காலத்திலும் எல்லோரும் இப்படித்தான் சிரித்தார்கள் என்றே நினைப்பாள்.

சொன்னதும் தம்பி மறுப்பே சொல்லாமல் மாற்றிக் கொடுத்தான், கூடுதல் காசும் வாங்கவில்லை. அதற்காகவே நான்கு ஸ்டார். கேட்காமல் முகத்தில் கை வைப்பதை மட்டும் கடை நிறுத்த வேண்டும். நீங்கள் கொடுக்கப் போனால் "முகத்தைத் தொடக் கூடாது, கறையும் கிழிசலும் மட்டும் சரிசெய்யுங்கள்" என்று பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். கண்ணாடியை நீங்களே பிரிக்காதீர்கள், சட்டத்தோடு கொண்டு போங்கள். பளபளப்பு பேப்பரைவிட மேட் பேப்பர் இந்த மாதிரி கருப்பு வெள்ளைப் படத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது. திருத்தாத ஸ்கேனையும் பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள், கேட்டால் கொடுக்கிறார்கள்.