0.40 கிராம் என்று எழுதிய நீலப் பொட்டலம்: வாங்குமுன் நிறுத்துப் பாருங்கள்

யாழ் நகரில் எயார்சொஃப்ட் துவக்குக்கு, அதாவது சிறு பிளாஸ்ரிக் உருண்டைகளைச் சுடும் விளையாட்டுத் துவக்குக்கு, சன்னம் வாங்க எண்ணுபவர்கள், குறிப்பாக நீலப் பொட்டலத்தில் "0.40 கிராம், 2500 சன்னங்கள்" என்று அச்சிட்டு விற்கப்படுவதை வாங்க எண்ணுபவர்கள், காசைக் கொடுக்குமுன் இதை வாசித்துவிடுங்கள். நான் 4200 ரூபாயைப் பொட்டலத்துக்கும், 2500 ரூபாயைத் தேவையற்ற திருத்த வேலைக்கும் அந்த ஒரே கடையில் இழந்தேன்.

என்னிடம் இருப்பது நுனியில் செம்மஞ்சள் பூசிய, ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் இழுத்து விடவேண்டிய, விற்சுருளில் இயங்கும் சினைப்பர். அதன் ஆற்றல் ஏறத்தாழ 1 யூல்; அதாவது 0.20 கிராம் சன்னத்தைச் செக்கனுக்கு 100 மீற்றர் வேகத்தில் தள்ளும். எங்கள் வளவு மதிலுக்குள், கண்ணாடி அணிந்துகொண்டு, பால்மாத் தகரத்தைக் குறிவைத்துச் சுடுவதோடு சரி. துவக்கு வடிவில் எதையும் இந்த ஊர்த் தெருவில் காவிச்செல்லும் துணிவு எனக்கில்லை. அம்மா இன்றைக்கும் அதை உறையோடு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டச் சொல்லுவார்.

ஆடி மாதச் சோளகம் வீசத் தொடங்கியதும் 0.20 கிராம் சன்னங்கள் இருபது மீற்றருக்கு அப்பால் தகரத்தை விட்டு விலகி வேலிப்பக்கம் போயின. சற்றுப் பாரமானது வேண்டும் என்று கேட்டபோது கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "தம்பி, பாரம் கூடக் கூடத் தூரமும் கூடும், குறியும் தப்பாது. இதுதான் சினைப்பர் சன்னம். ஹொப்அப்பைக் கடைசிவரை திருகி வையுங்கோ" என்றார். பற்றுச்சீட்டு கேட்டேன், புத்தகம் முடிந்துவிட்டது என்று சொல்லி, ஒரு துண்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்.

ஹொப்அப் என்பது குழலின் பின்முனையில், உட்புறம் மேற்பக்கமாக உள்ள சிறிய இறப்பர் மேடு. அது சன்னத்தின் உச்சியில் உரசிப் பின்னோக்கிச் சுழலவைக்க, அந்தச் சுழற்சி காற்றில் தூக்குவிசையைத் தருகிறது. பாரமான சன்னத்துக்குக் கூடுதலாகவும் இலேசானதற்குக் குறைவாகவும் அதைத் திருகவேண்டும். நான் அவர் சொன்னபடியே முழுவதும் திருகிச் சுட்டேன். சன்னம் பத்து மீற்றர் நேராகப் போய், பிறகு கொடி இழுத்த பட்டம்போல மேலே எழும்பி, மாமரத்தின் உச்சிக் கொப்புக்குள் மறைந்தது. அடுத்ததும் அப்படியே. இந்த இடத்திலேயே எனக்கு விளங்கியிருக்கவேண்டும்: பாரமான சன்னம் அப்படி எழும்பாது. ஆனால் நான் துவக்கைச் சந்தேகித்து அதே கடைக்குக் கொண்டுபோக, அவர்கள் இறப்பரை மாற்றி 2500 ரூபாய் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து சுட்டேன், மீண்டும் மாமரம்தான். மூன்றாம் நாள் ஒரு சன்னம் குழலுக்குள் இறுகிவிட்டது.

அதன் பிறகுதான் கஸ்தூரியார் வீதியில் எங்களுக்குப் பழக்கமான நகைக்கடைக்குப் பொட்டலத்தைக் கொண்டுபோனேன். "என்ன தம்பி, முத்தோ?" என்று கேட்டபடி அந்த ஐயா நூறு சன்னங்களை எண்ணித் தராசுத் தட்டில் கொட்டினார். 40 கிராம் காட்டவேண்டிய இடத்தில் 24.6 என்று நின்றது. தட்டைத் துடைத்துவிட்டு வேறு நூறு வைத்தார், 24.3. பொட்டலத்தில் எழுதியிருப்பதை வாசித்து அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பனின் வேணியர் இடுக்கிமானியில் அளந்தபோது விட்டம் 5.86 மில்லிமீற்றரில் இருந்து 6.01 வரை மாறிக்கொண்டிருந்தது. நல்ல சன்னம் 5.95ஐ ஒட்டியே இருக்கும், ஏனெனில் குழலின் உட்துளை அதைவிட ஒரு மயிரிழைதான் பெரிது. நகத்தால் தடவினாலே அச்சு பொருந்திய விளிம்பு தட்டுப்பட்டது. அப்பாச்சியின் பாக்குவெட்டியில் ஐந்தாறை வெட்டிப் பார்த்தேன். மூன்றில் குண்டூசித் தலையளவு காற்றுக்குமிழி, அதுவும் நடுவில் இல்லாமல் ஓரத்தில். ஒருபக்கம் பாரமான உருண்டை எப்படி நேராகப் பறக்கும்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். பொட்டலத்தில் எழுதியது உண்மையாகவே இருந்தாலும் அந்த ஆலோசனை பிழைதான். ஒரே 1 யூல் ஆற்றலில் 0.40 கிராம் சன்னம் செக்கனுக்கு 70 மீற்றர் வேகத்திலேயே புறப்படும். அதைத் தூக்கிப் பிடிக்க எனது துவக்கின் சாதாரண இறப்பருக்கு வலு போதாது, தகரத்துக்கு முன்னாலேயே நிலத்தைத் தட்டும். அந்தப் பாரம், இங்கிலாந்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒற்றைச் சூட்டுத் துவக்குகளுக்கு வைத்திருக்கும் 2.5 யூல் எல்லையை நெருங்கிச் சுடுபவர்களுக்கு உரியது. எனக்கு ஏற்றது 0.25, காற்றுக் கூடிய நாளில், இறப்பர் தூக்குமானால், 0.28.

திரும்பக் கொண்டுபோனபோது, உடைத்த பொட்டலத்தை எடுப்பதில்லை என்று முடித்துவிட்டார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். ஆனால் என் கையில் இருப்பது கடையின் பெயர்கூட இல்லாத ஒரு துண்டு. ஆகவே பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். பொட்டலத்தை உடைக்கத் தேவையே இல்லை: எண்ணிக்கையை ஒரு சன்னத்தின் நிறையால் பெருக்குங்கள். 2500 சன்னம் 0.40 கிராம் என்றால் ஒரு கிலோ இருக்கவேண்டும்; எனது பொட்டலம் மளிகைக்கடைத் தராசில்கூட 620 கிராமைத் தாண்டியிராது. 0.20 என்று சொல்லி 0.12ஐத் தந்திருப்பார்களோ என்று ஐயமிருந்தால், உப்பு இனிக் கரையாது என்னும் அளவுக்குக் கரைத்த தண்ணீரில் போடுங்கள், 0.12 மிதக்கும், 0.20 தாழும்.

போன கிழமை அந்தக் கடையைக் கடந்து போனேன். அதே நீலப் பொட்டலங்கள் வாசலில் தொங்குகின்றன, 0.40க்கு மேல் 0.43 என்று புதிய ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறார்கள், விலையும் 300 ரூபாய் கூடியிருக்கிறது.