இடுப்பளவில் இருண்டுபோகும் திரை: ஒரு மிரர்லெஸ் கேமராவுடன் சில ஆண்டுகள்

நான் பயன்படுத்தும் மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத) கேமராவின் அடுத்த தலைமுறை வந்துவிட்டதால் பழைய மாதிரியின் விலை இறங்கியிருக்கிறது. இங்கே சிங்கப்பூரில், பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய கேமராக்கள் விற்கும் கடைகளில் நல்ல நிலையில் உள்ளதே ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்குக் கீழே கிடைக்கிறது என்று சொல்லி, “வாங்கலாமா அண்ணே?” என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். பழுதுபார்ப்பு நிலையத்திலிருந்து என் கேமரா திரும்பி வந்த அதே வாரத்தில் அவருடைய கேள்வியும் வந்து சேர்ந்ததால், இந்தப் பதில் சற்றுச் சூடாகவே இருக்கும். மெகாபிக்சல், ஃபோகஸ் வேகம், வீடியோ வசதி ஆகியவற்றை அவர் ஏற்கெனவே மனப்பாடமாகச் சொல்லுவார், அவற்றை விட்டுவிடுகிறேன். மாதிரியின் பெயரையும் எழுதப்போவதில்லை. கேட்டவருக்கு அது தெரியும். மேலும், நான் புலம்பப்போகும் குறை ஏதோ ஓர் அளவில் பல நிறுவனங்களின் கேமராக்களிலும் இருக்கிறது.

அந்தக் குறையின் பெயர் ஐ சென்சர். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் கண்ணாடிக்கு அடியில், ரப்பர் விளிம்பை ஒட்டி, இரண்டு அரிசிமணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவுக்கு ஒரு கறுப்புச் சன்னல் இருக்கும். அதன் ஒரு பாதியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி வெளியேறுகிறது; எதிரில் ஏதாவது நெருங்கினால் அந்த ஒளி அதன்மீது பட்டுத் திரும்பி மறுபாதியில் விழுகிறது; உடனே கேமரா, நாம் கண்ணை வைத்துவிட்டோம் என்று முடிவுகட்டிப் பின்திரையை அணைத்துவிட்டு வியூஃபைண்டரை எழுப்புகிறது. எப்போதும் கண்ணில் வைத்தே படம் எடுப்பவருக்கு இது அருமையான வசதி. ஆனால் நெருங்கியது கண்ணா வயிறா என்று அந்தச் சன்னலுக்குத் தெரியாது.

என் தெருப்படங்களில் பெரும்பாலானவை இடுப்பு உயரத்தில் எடுத்தவை. திரையை மேல்நோக்கிச் சாய்த்து, கேமராவை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, குனிந்து பார்த்து எடுக்கும் இந்த முறை மிரர்லெஸ் காலத்தில் பிறந்ததன்று. 1929இல் ஜெர்மனியில் வெளிவந்த ரோலைஃப்ளெக்ஸ் கேமராவில் மேலிருந்து குனிந்துதான் பார்க்க வேண்டும்; சிகாகோ தெருக்களில் விவியன் மேயர் என்ற தெருப்படக் கலைஞர் எடுத்த படங்களில் பல அப்படிப்பட்ட கேமராவில், மார்புக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் பதிவானவை. முகத்துக்கு முன்னால் கேமரா எழும்பாததால் எதிரில் இருப்பவர் விறைத்துக்கொள்வதில்லை. உட்கார்ந்து வேலை செய்பவர்களையும் சிறுவர்களையும் மேலிருந்து குனிந்து நோக்காமல் அவரவர் உயரத்திலேயே காட்ட முடிகிறது. லிட்டில் இந்தியாவின் தேக்கா வட்டாரத்தில் இதன் அருமை தெரியும். பஃபலோ ரோட்டின் பூக்கடையாகட்டும், ஐந்தடிப் பாதையில் தையல் இயந்திரத்தோடு அமர்ந்திருப்பவராகட்டும், பார்க்கத் தகுந்த வேலையெல்லாம் நம் இடுப்புக்குக் கீழேதான் நடக்கிறது. இந்தக் கேமராவை வாங்கும் வரை நான் கண்ணில் வைத்தே எடுத்துக்கொண்டிருந்தேன். சாய்திரையை ஒரு கூடுதல் அம்சமாக மட்டும் நினைத்து வாங்கியவனுக்கு, பிறகு அதுவே கேமராவாகிவிட்டது. அதனால்தான் கோபம்.

அண்மையில் ஒரு மாலை, மல்லிகைச் சரம் தொடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கேட்டு, அவர் தலையசைத்த பிறகு எதிரே நின்றேன். மொட்டுகளை எதிரெதிராக அடுக்கி இடக்கை விரல்களால் பிடித்துக்கொண்டு, வலக்கையால் நூலைச் சுழற்றி இழுக்கும்போது அந்த நூல் ஒரு கணம் விறைத்து நிற்கும். கடைக்குள் சாய்வாக விழும் வெயில் அதன்மீது பட்டால் மெல்லிய வெள்ளைக் கோடாக மின்னும். அதற்காகக் காத்திருந்து விரலை அழுத்தப்போகையில், நான் இழுத்த மூச்சுக்கு வயிறு சற்றே முன்னால் வந்தது, திரை இருண்டது. கேமராவைத் தள்ளிப் பிடித்தேன். திரை மீண்டும் எழுவதற்குள் முடிச்சு விழுந்து அடுத்த மொட்டு விரலுக்கு வந்துவிட்டது. மறுபடியும் முயன்றேன், மறுபடியும் இருட்டு. “படம் வரலையா தம்பி?” என்று அவர் நிமிர்ந்து கேட்டார். அத்துடன் அந்தக் காட்சி முடிந்தது. அதன்பின் எடுத்ததெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கும் ஒருவரின் படம். திரை இருண்டாலும் ஷட்டர் இயங்கும் என்று சிலர் நியாயம் பேசுவார்கள். இயங்கும்தான். சட்டகத்துக்குள் நூல் இருக்கிறதா, பக்கத்துக் கடையின் பிளாஸ்டிக் வாளி இருக்கிறதா என்பது தெரியாமல் இயங்கும்.

நம் ஊர்த் தட்பவெப்பம் இந்தக் குறையை இன்னும் மோசமாக்குகிறது. ஆண்டு முழுவதும் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊரில், நண்பகல் நடையில் மூக்கு நுனியிலிருந்து விழும் ஒரு துளி வியர்வை அந்தச் சன்னலில் உட்கார்ந்துவிட்டால் போதும்; வெளியே போக வேண்டிய ஒளி துளிக்குள்ளேயே மடங்கித் திரும்பிவிடுகிறது, கேமராவோ கண் ஒன்று நிரந்தரமாக ஒட்டிக்கொண்டிருப்பதாக நம்பித் திரையைத் தர மறுக்கிறது. சட்டை நுனியால் துடைத்தால் துளி போய் ஈரப்படலம் மிஞ்சும். மழைத்துளிக்கும் இதே கதைதான். கறுப்புச் சட்டை அணிந்தால் ஒளி திரும்பாது என்று யாரோ சொன்ன அறிவுரையையும் நம்பாதீர்கள். நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் துணிகளில் பல, அகச்சிவப்பு ஒளியை நன்றாகவே திருப்பி அனுப்புகின்றன.

மெனுவுக்குள் போய் ‘திரை மட்டும்’ என்று வைத்துக்கொள்ளலாமே என்று நண்பர் கேட்பார். வைத்துக்கொள்ளலாம். ஆனால் உச்சிவெயிலில் சிராங்கூன் சாலையின் திறந்த பகுதிக்கு வந்தவுடன் எந்தத் திரையும் கண்ணாடியாகி என் முகத்தையே எனக்குக் காட்டும். அப்போது வியூஃபைண்டர் வேண்டும், அது அணைந்திருக்கும். ஆகவே மாற்றும் கட்டளையை ஒரு தனிப் பொத்தானுக்குக் கொடுத்தேன். அந்தப் பொத்தான் வலது கட்டைவிரல் இயல்பாக ஓய்வெடுக்கும் இடத்தில் இருப்பதால், கேட்காமலே அமுங்கிக்கொள்கிறது. வேறொரு பொத்தானுக்கு மாற்றினால் ஒளியுணர்வை மாற்றும் ஐ.எஸ்.ஓ.வுக்கு இடம் இல்லாமல் போகிறது. இதைவிட எரிச்சலானது, இந்தத் தெரிவைக் கேமரா தன் சேமிப்பு அமைப்புகளில் பதிந்துகொள்ளாதது. தெருவுக்கு ஒன்று, நிலக்காட்சிக்கு ஒன்று என்று நான் சேமித்து வைத்திருக்கும் அமைப்புகளில் வண்ணம், ஃபோகஸ் முறை, ஷட்டர் வகை எல்லாம் மாறும். திரை மட்டும் பழையபடியே நிற்கும். வேறு சில தயாரிப்புகளில் திரையைச் சாய்த்த கணமே ஐ சென்சர் தானாக உறங்கிவிடுகிறது. ஒரே ஒரு மென்பொருள் திருத்தத்தில் முடியக்கூடிய இந்த வேலையை, இத்தனை ஆண்டுகளில் வெளிவந்த எந்தப் புதுப்பிப்பிலும் என் கேமராவின் தயாரிப்பாளர் செய்யவில்லை. சன்னலின் மீது கறுப்பு டேப் ஒட்டியும் பார்த்தேன்: முழுவதும் மூடினால் டேப்பையே கண்ணாக எண்ணிக்கொள்கிறது, ஒளி வெளியேறும் பாதியை மட்டும் மூடினால் வேலை செய்கிறது, ஆனால் பசை வெயிலில் இளகி, இரண்டு மூன்று நாளில் டேப் நகர்ந்துவிடுகிறது.

நிலக்காட்சியில் தொல்லை குறையும் என்று எண்ணலாம். பாதி சரி. நம் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி முன்னால் ஓடுகிறது. நாம் இருக்கும் நெடுக்கோட்டுக்கு 7 மணி நேரம்தான் பொருத்தம். அதன் பலனாக ஆண்டு முழுவதும் கதிரவன் ஏறத்தாழ காலை 7 மணிக்கு எழுகிறது. லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் பலகைப் பாதையில் விடியலைப் படம்பிடித்துவிட்டு அலுவலகத்துக்கும் போய்ச் சேர முடிகிறது. மாலையில் அந்த வசதி இல்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊரில் அந்தி நீளாது. மரினா அணைக்கட்டிலிருந்து நகரின் விளக்குகளையும் நீலவானையும் ஒருசேரப் பிடிக்கக் கிடைப்பது ஏறத்தாழ இருபது நிமிடங்கள். அந்தச் சிறு இடைவெளியில் கடற்காற்றில் ஆடும் தோள்பட்டை வார், சன்னலுக்கு முன்னால் போய்வரும் ஒவ்வொரு முறையும் திரையை அணைத்து எழுப்பினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வாரைக் கழற்றி வைப்பதை இப்போது வழக்கமாக்கிக்கொண்டேன். சுங்கை பூலோவில் நீர் வற்றிய வேளையில் அலையாத்தி வேர்களுக்கு இணையாகக் கேமராவைத் தாழ்த்தி எடுக்கும்போது மட்டும் இது முற்றிலும் குறையற்ற கருவி. நம் உடல் தள்ளி இருக்கிறது, திரை மேல்நோக்கி நிற்கிறது, சேற்றில் படுக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் ‘சுமத்ரா’ எனப்படும் திடீர்ப் புயற்காற்று மழையோடு வந்து இறங்கினால், கதை மீண்டும் முதல் துளியிலிருந்து தொடங்கும்.

திட்டிக்கொண்டே இருப்பதும் நியாயமில்லை. இந்தக் கேமராவின் படத்தரத்தைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. அணைக்கட்டின் இருண்ட புல்வெளியை ரா எனப்படும் மூலக் கோப்பிலிருந்து இரண்டு ஸ்டாப் (நான்கு மடங்கு) வெளிச்சம் உயர்த்தினாலும் நிழலில் பச்சை பச்சையாகவே இருக்கிறது. தைப்பூசத்தன்று, ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை நடக்கும் காவடிகளுக்கு அருகில், சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரோடு நிற்பது ஒரு மரியாதையாகவே எனக்குப் படுகிறது; அலகு குத்திக்கொள்பவரின் காதருகே ‘டக் டக்’ என்று அடிக்க வேண்டியதில்லை. அதே ஷட்டர் தீபாவளி ஒளியூட்டு வளைவுகளின் எல்.இ.டி. விளக்குகளுக்குக் கீழே பட்டை பட்டையாகக் கோடு போடும் என்பதும் உண்மை. அங்கே மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிட வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், தேக்கா நிலையத்தின் குழல்விளக்கில் 1/100 அல்லது 1/50 நொடி ஷட்டர் வேகத்தில் நின்றுகொண்டால் போதும். ரயிலின் குளிரிலிருந்து இறங்கியவுடன் லென்ஸில் நீர் படிவது எந்தக் கேமராவுக்கும் பொது. அதை இதன் கணக்கில் எழுதக் கூடாது. வீட்டில் ட்ரை கேபினட்டில் 45 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கிறேன், பூஞ்சை அண்டவில்லை.

இனி, பழுதுபார்ப்பு. சில வாரங்களுக்கு முன் திரை அறவே எழாமல் போனது. நிலையத்தில் திறந்து பார்த்தவர்கள், சென்சர் சன்னலின் விளிம்பு வழியாக வியர்வையின் உப்பு இறங்கிப் படிந்திருப்பதாகச் சொல்லி, வியூஃபைண்டர் பகுதியையே மாற்ற வேண்டும் என்றார்கள். மழையைத் தாங்கும் என்று விளம்பரம் செய்யப்பட்ட உடலுக்குள் மூக்குநுனி வியர்வை எப்படி இறங்கியது என்று கேட்டேன். இது வழக்கமான தேய்மானம் என்ற பதிலும், உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்ற நினைவூட்டலும், 9 விழுக்காடு பொருள், சேவை வரியோடு ஒரு விலைப்பட்டியலும் கிடைத்தன. கட்டினேன். வேலை சுத்தமாகவே நடந்திருந்தது. வியூஃபைண்டர் புதிதுபோல் தெளிவாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து திரையைச் சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, புதிய சென்சர் பழையதைவிடக் கூர்மையானது என்று. முன்பு மூன்று விரற்கடையில் இருண்டது, இப்போது ஒரு சாண் தொலைவிலேயே இருண்டுவிடுகிறது. தொலைபேசியில் கேட்டால், அதுதான் சரியான அளவு, முன்பிருந்தது மங்கிப்போன நிலை என்கிறார்கள்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். இந்த விலைக்கு இதைவிட நல்ல படத்தரம் கிடைக்காது என்று நான் நம்பினாலும், இந்தக் கேமராவில் எடுத்த படங்கள்தான் என் கூடத்துச் சுவரில் தொங்கினாலும், வேண்டாம். கண்ணில் வைத்து மட்டுமே எடுப்பேன் என்று உறுதியாக இருந்தால் பேச்சு வேறு. அப்படியானால் மறுயோசனை இன்றி வாங்கலாம். ஆனால் நீங்கள் என்னோடு பஃபலோ ரோட்டுக்கு வந்தவர், பூக்கடை முன்னால் குனிந்து நின்றவர்.

அதையும் மீறி வாங்குவதென்றால், பணம் கொடுக்கும் முன் கடையிலேயே திரையைச் சாய்த்து, கேமராவை வயிற்றருகே கொண்டுவந்து, எவ்வளவு தொலைவில் இருள்கிறது என்று பாருங்கள். பிறகு விரல்நுனியை நனைத்து அந்தக் கறுப்புச் சன்னலில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். திரை எழவில்லையென்றால் விலையில் நூறு வெள்ளி குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுந்துவிட்டால் அந்த ஒரு கேமராவை மட்டும் என் பெயருக்கு எடுத்து வையுங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.