டக்ளஸ், நார்த்தப், ஜேக்கப்ஸ்: எந்த முதற்பதிப்பைத் தேடுவது?

அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்தவர்களின் தன்வரலாறுகளில் ஒரு முதற்பதிப்பாவது கையில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் தேடுவது ஃபிரெடரிக் டக்ளஸைத்தான். 1845-இல் பாஸ்டனில் அடிமை ஒழிப்பு அலுவலகம் 50 சென்ட் விலையில் வெளியிட்ட சின்னப் புத்தகம். முன்பக்கத்தில் அவருடைய உருவப்படம் இருக்கும். அந்தத் தாள் இல்லாத பிரதியின் மதிப்பு குறைந்துவிடும். தன்னை அடிமையாக வைத்திருந்தவர்களின் பெயர்களை அச்சிலேயே எழுதிவிட்டதால், பிடிபடும் அபாயம் வந்து அதே ஆண்டு அவர் கடல்கடந்து போனார். அங்கே அயர்லாந்தின் டப்ளினில் புது முன்னுரையோடு ஒரு பதிப்பு வந்தது. பாஸ்டன் பிரதி கைக்கு எட்டாதவர்கள் அதைத் தேடலாம்.

சாலமன் நார்த்தப்பின் 'பன்னிரண்டு ஆண்டுகள் அடிமையாக' (1853) சுமார் 30,000 பிரதிகள் விற்றது. அதனால் மற்ற இரண்டையும்விடக் கிடைப்பது சுலபம். ஆனால் 1853 என்று போட்டிருப்பதை மட்டும் நம்பக்கூடாது. தலைப்புப் பக்கத்தில் 'இத்தனையாவது ஆயிரம்' என்று இருந்தால் அது பிந்தைய அச்சு. அப்புறம், நார்த்தப் சொல்லச் சொல்ல எழுதியவர் டேவிட் வில்சன் என்ற வெள்ளை வழக்கறிஞர்.

என் தேர்வு ஹாரியட் ஜேக்கப்ஸின் 'ஓர் அடிமைப் பெண்ணின் வாழ்வில் நடந்தவை' (1861). தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள்: 'அவளே எழுதியது' என்று இருக்கும், பெயர் இருக்காது. பதிப்பாசிரியர் லிடியா மரியா சைல்டின் பெயர் மட்டும் உண்டு. கீழே, 'பாஸ்டன்: ஆசிரியருக்காக வெளியிடப்பட்டது.' வெளியிட இருந்த நிறுவனம் திவாலாகிவிட, அச்சுத் தகடுகளை ஜேக்கப்ஸே விலைக்கு வாங்கிப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். எஜமானனிடமிருந்து தப்பி, நிமிர்ந்து நிற்கவும் முடியாத பரணில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்த பெண் அவர். அதன்பிறகும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதைச் சைல்ட் எழுதிய கற்பனைக் கதை என்றே பலர் நம்பினார்கள். 1980-களில் ஜீன் ஃபேகன் யெல்லின் என்ற ஆய்வாளர் ஜேக்கப்ஸின் கடிதங்களைத் தேடியெடுத்து, ஜேக்கப்ஸ்தான் எழுதினார் என்று நிறுவினார். இத்தனையையும் அந்த ஒரு பக்கத்தில் படிக்க முடிகிறது என்பதால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

தேடும்போது ஜேக்கப்ஸ் பெயரோடு நிறுத்தாதீர்கள்; சைல்ட், ஜேக்கப்ஸின் புனைபெயரான லிண்டா பிரெண்ட் ஆகிய பெயர்களிலும் பாருங்கள். துணி அட்டை நைந்திருந்தாலும் பரவாயில்லை, பக்கங்கள் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய பிறகு புது பைண்டிங் மட்டும் போட்டுவிடாதீர்கள்.