ரவி வர்மா படம் வாங்கும் முன்: சுவரொட்டி, கான்வாஸ், பழைய கல்லச்சு, பீங்கான்

ராஜா ரவி வர்மா மறைந்தது 1906இல். அவருடைய ஓவியங்களுக்கான காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், விற்கலாம். அதனால் ‘ஹம்ச தமயந்தி’ என்று இணையக் கடையில் தேடினால் சுவரொட்டியும் கான்வாஸும் காபிக் கோப்பையும் சுவர்த்தட்டும் டைலும் கொட்டுகின்றன. எல்லாம் ஒரே படம்தான். தரத்தில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எந்தப் பொருளாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, தாடைக்குக் கீழே கழுத்தில் விழும் நிழல். மற்றது புடவையின் ஜரிகைக் கரை. ரவி வர்மாவின் எண்ணெய் ஓவியத்தில் தோல் நிறம் மஞ்சளிலிருந்து பழுப்புக்கு மெல்ல மெல்ல இறங்கும். எந்த இடத்தில் நிழல் தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. ஜரிகையையும் நகையையும் அவர் ஒவ்வொரு இழையாக வரைவதில்லை. ஒளி படும் இடத்தில் தடித்த சாயப் புள்ளி வைப்பார், தள்ளி நின்றால் மின்னும். மட்டமான நகலில் கழுத்து ஒரே செம்மண் பூச்சாக இருக்கும், கரை மஞ்சள் பட்டையாக இருக்கும். மூல ஓவியத்தை ஒரு முறை நேரில் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகம், மைசூரு ஜகன்மோகன் அரண்மனை, வடோதரா ஃபதே சிங் அருங்காட்சியகம் மூன்றிலும் நல்ல தொகுப்புகள் உள்ளன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் அவருடைய ஓவியங்கள் இருக்கின்றன.

புதிதாக அச்சிட்ட தாள் படத்திலிருந்து தொடங்கலாம். பெரும்பாலோர் வாங்குவது அதைத்தான். விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கோப்பு எண்ணெய் ஓவியத்தைப் படம் எடுத்ததா, ஓலியோகிராஃபை (எண்ணெய் ஓவியம் போலத் தோன்றும்படி கல்லச்சில் அடித்து வார்னிஷ் பூசிய வண்ணப் படம்) ஸ்கேன் செய்ததா? இணையத்தில் சுற்றும் கோப்புகளில் பல, பழைய ஓலியோகிராஃபிலிருந்து வந்தவை. அதன் மேல் பூசிய வார்னிஷ் நூறாண்டில் மஞ்சளாகியிருக்கும். நீலம் பச்சையாகத் தெரியும். அதைச் சரிசெய்வதாக நினைத்து வண்ணத்தைக் கூட்டிவிடுகிறார்கள், முகம் தக்காளியாகிறது. பெரிதாக்கி அச்சிட்டால் கல்லச்சின் புள்ளிகள் மணல் தூவியது போலத் தெரியும். 14×20 அங்குலத்தில் வாங்குவதென்றால் அந்தப் படத்தைக் கல்லச்சின் நகல் என்றே சொல்லி, வண்ணத்தைத் தொடாமல் அச்சிட்டவரிடம் வாங்கலாம். அதில் தவறே இல்லை, அதற்கென்று ஓர் அழகு உண்டு. 24×36 அங்குலத்துக்கு எண்ணெய் ஓவியத்தின் நேரடிப் படம்தான் சரிவரும்.

அளவுக் கணக்கு எளிது. அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 14×20க்கு 4200×6000 புள்ளிகள் உள்ள கோப்பு தேவை. 1500 புள்ளிக் கோப்பை இழுத்துப் பெரிதாக்கினால் புருவத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு தோன்றும். இப்போது செயற்கை நுண்ணறிவை வைத்துப் பெரிதாக்குகிறார்கள். அது இன்னும் மோசம், ஏனென்றால் முதல் பார்வைக்குக் கூர்மையாக இருக்கும். விரல் நுனி, காதணி, வீணையின் தந்தி மூன்றையும் பாருங்கள். ஜிமிக்கியின் மணிகள் ஒன்றோடொன்று உருகிக் கிடக்கும், தந்தி பாதியில் மறையும். இல்லாத நகையை அந்த நிரல் தானே கற்பனை செய்து வைத்திருக்கும்.

அடுத்து, வெட்டு. 12×18 ஆயத்தச் சட்டத்துக்குள் அடக்க மேலும் கீழும் வெட்டிவிடுவது வழக்கம். கையொப்பம் இருக்கும் மூலை போய்விட்டதா, பாதம் முழுதாக இருக்கிறதா என்று அருங்காட்சியகப் படத்தோடு ஒப்பிடுங்கள். இடவலம் மாறி அச்சான படங்களும் விற்பனையில் உண்டு.

மை, தாள் இரண்டிலும் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பது வீணில்லை. பிக்மென்ட் (நிறமித் துகள்) மையில், சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள அமிலமற்ற பருத்தித் தாளில், பளபளப்பில்லாமல் அச்சிட்டது முதல் தேர்வு. நேர் வெயில் படாவிட்டால் பல பத்தாண்டுகள் நிற்கும். சாய மையில், பளபளக்கும் புகைப்படத் தாளில் அச்சிட்டது ஜன்னல் எதிரே இரண்டு கோடை தாண்டுவதற்குள் சிவப்பை இழக்கத் தொடங்கும். ஆஃப்செட் சுவரொட்டி விலை குறைவு. மாணவர் விடுதி அறைக்கு அது போதும். ஆனால் நான்கு வண்ணப் புள்ளியில் கழுத்து நிழல் தப்பிப்பதில்லை.

கான்வாஸை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. துணியின் நெசவு முகத்தின் மேல் ஏறிக்கொள்கிறது. ரவி வர்மாவின் முகங்கள் வழவழப்பானவை, அவற்றுக்கு அது பொருந்தாது. மேலே ‘தூரிகைத் தடம்’ என்று பசை தடவித் தருவார்கள். அந்தத் தடம் ஓவியத்தின் கோட்டைப் பின்பற்றாமல் மூக்கின் குறுக்கே போகும். மரச்சட்டத்தின் விளிம்பில் மடிக்கும்போது அச்சு வெடித்து வெள்ளைக் கோடு விழுவதும் அடிக்கடி நடக்கிறது. கட்டாயம் கான்வாஸ்தான் வேண்டும் என்பவர்கள், ஓவியத்தை மடிப்பில் இழக்காமல் நாலு பக்கமும் இரண்டு அங்குலம் வெற்று ஓரம் விடச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கையில் விளக்கேந்தி, விரல் இடுக்கில் ஒளி கசிய நிற்கும் பெண்ணின் படம் ‘ரவி வர்மா’ என்ற பெயரில் இன்றும் விற்கப்படுகிறது. அது எஸ்.எல். ஹல்தங்கர் 1940களில் வரைந்த நீர்வண்ண ஓவியம்; மைசூரு ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கிறது. ரவி வர்மா மறைந்து நாற்பதாண்டு கழித்து வந்தது. ஒரு கடையின் பட்டியலில் இந்தப் படம் ரவி வர்மா பெயரில் இருந்தால், அந்தக் கடையின் மற்ற விவரங்களையும் நம்பாதீர்கள்.

இனி பழைய கல்லச்சு. ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி ஓலியோகிராஃபாக அச்சிடலாம் என்று ரவி வர்மாவுக்கு யோசனை சொன்னவர் திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த, கும்பகோணத்துக்காரர் டி. மாதவ ராவ். ரவி வர்மா அச்சகத்தையே இங்கு நிறுவிவிட்டார்: 1894இல் மும்பையில், ஜெர்மன் தொழில்நுட்பர்களை வைத்து. பிறகு அது லோனாவாலா அருகே மளவலிக்கு மாறியது. 1900களின் தொடக்கத்தில் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் கைக்குப் போனது. இந்தக் கைமாற்றம் வாங்குபவருக்கு முக்கியம். ‘ரவி வர்மா பிரஸ்’ என்று அடியில் இருப்பதாலேயே படம் ரவி வர்மா வரைந்ததாகிவிடாது. எம்.வி. துரந்தர் உள்ளிட்ட மற்ற ஓவியர்களின் படங்களையும் அந்த அச்சகம் வெளியிட்டது. ‘ரவி வர்மா பிரஸ், கார்லா–லோனாவ்லா’ என்ற வரியும், விற்பனையாளரான மும்பை மோதி பஜார் அனந்த் சிவாஜி தேசாய் பெயரும் பல பிரதிகளின் அடி ஓரத்தில் உண்டு. சட்டம் போட்டவர்கள் அந்த ஓரத்தை வெட்டிவிட்டிருந்தால் மதிப்பு கணிசமாகக் குறையும்.

உண்மையான கல்லச்சா என்று அறிய நகைக்கடை லூப் போதும், பத்து மடங்கு பெரிதாக்குவது. கல்லச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். நல்ல படத்துக்குப் பத்துக் கல்லுக்கு மேலும் தேவைப்படும். தோலின் நிழல் முழுக்கக் கைவினைஞர் கையால் வைத்த புள்ளிகள். அவை ஒழுங்கற்று, பெரிதும் சிறிதுமாக, ரோஜா, மஞ்சள், பழுப்பு என்று தனித்தனி மையில் ஒன்றன் மேல் ஒன்று விழுந்திருக்கும். ஆஃப்செட் நகலில் நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்புப் புள்ளிகள் வட்ட வட்டமாகச் சிறு பூப்போல வரிசை பிசகாமல் நிற்கும். இங்க்ஜெட்டில் வரிசையே இருக்காது, தெளித்த தூசி மாதிரி இருக்கும். கழுத்தில் லூப்பை வையுங்கள். மூன்றில் எது என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்த சோதனைக்கு ரூபாய் நோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கு. 1950களுக்குப் பிறகு வந்த தாள்களில் பெரும்பாலும் வெண்மையூட்டி கலந்திருப்பதால் அவை நீலவெண்மையாக ஒளிரும். பழைய தாள் ஒளிராது. தேநீரில் நனைத்துப் பழசாக்கிய தாள் ஒரே சீராகப் பழுப்பாகும். நிஜமாகவே வயதான தாளில் சட்டத்தின் உதடு மறைத்த ஓரம் வெளுத்தும், பின்பக்கத்தில் பலகையின் கணு இருந்த இடம் கறுத்தும் இருக்கும். ‘அசல் கல்லிலிருந்து இப்போது எடுத்த பிரதி’ என்று யாராவது சொன்னால் கூடுதல் கவனம் தேவை. மளவலி அச்சகம் 1972இல் தீயில் அழிந்தது.

செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் படங்களில் ஜரிகை, சமிக்கி, வெல்வெட் ஒட்டி அலங்கரித்தவை தனி வகை. அவை சேதப்படுத்தப்பட்ட படங்கள் அல்ல. அந்த வீட்டுப் பெண்களின் கைவேலையும் சேர்ந்த பொருள். இவற்றுக்குத்தான் போலி அதிகம். பழைய அச்சில் புதிதாகச் சமிக்கி ஒட்டி விலை ஏற்றுகிறார்கள். பழைய உலோகச் சமிக்கி கறுத்திருக்கும், சுற்றியுள்ள தாளில் பச்சைக் களிம்பின் கறை படிந்திருக்கும். புது பிளாஸ்டிக் சமிக்கி பளிச்சென்று இருக்கும், கறை இருக்காது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பார்ப்பவர்கள் சட்டத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழற்ற மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

வாங்கிய பிறகு பெரும்பாலான படங்கள் கெடுவது சட்டம் போடுபவர் கையில்தான். கண்ணாடி படத்தின் மேல் நேராகப் படியக் கூடாது. மழைக்காலத்து ஈரத்தில் வார்னிஷ் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைப் பிய்த்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். அப்படி ஒட்டியிருப்பதை வாங்கினால் பிரிக்கவே வேண்டாம், தாள் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மவுண்ட் அட்டையோ 3 மில்லிமீட்டர் இடைவெளிக் குச்சியோ இருக்க வேண்டும். சமிக்கி ஒட்டிய படத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை அங்குல ஆழமுள்ள பெட்டிச் சட்டம். பின்னால் ஹார்ட்போர்டு வைத்தால் அதன் அமிலம் தாளைப் பழுப்பாக்கும். அமிலமற்ற அட்டை கேளுங்கள். படத்தை முழுவதும் வெள்ளைப் பசை தடவி அட்டையில் ஒட்டுவது நம் ஊர்ச் சட்டக் கடைகளில் சாதாரணம். அதை முன்கூட்டியே சொல்லித் தடுக்காவிட்டால் செய்துவிடுவார்கள், திரும்ப எடுக்க வழியில்லை. மேல் விளிம்பில் இரண்டு ஜப்பான் தாள் துண்டை கோதுமை மாவுச்சத்துப் பசையால் ஒட்டித் தொங்கவிட்டால் போதும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரின் உட்புறத்தில் மாட்டாதீர்கள். சட்டத்தின் கீழ் மூலைகளில் சிறு ரப்பர் பொத்தான் ஒட்டினால் பின்னால் காற்று போகும், வெள்ளிமீன் பூச்சி அண்டுவது குறையும். ஈரத்துணி, கண்ணாடி துடைக்கும் திரவம் இரண்டும் படத்தின் பக்கமே போகக் கூடாது.

வெளிநாட்டுத் தமிழர் கவனிக்க: நூறாண்டு கடந்த கலைப்பொருள் இந்தியச் சட்டப்படி தொல்பொருள். 1972ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தடை செய்கிறது. ரவி வர்மாவின் ஓவியங்கள் கலைக் கருவூலமாகவும் அறிவிக்கப்பட்டவை. பெட்டியில் வைத்து எடுத்துப் போகலாம் என்று கடைக்காரர் சொல்வதை ஏற்காதீர்கள்.

பீங்கானில் ரவி வர்மா என்று வருபவை பெரும்பாலும் சப்ளிமேஷன் அச்சு. கோப்பையின் மேல் பாலிமர் பூச்சு இருக்கும். 180 முதல் 200 டிகிரி வெப்பத்தில் சில நிமிடம் அழுத்தி மையை அதற்குள் ஏற்றுவார்கள். படம் பீங்கானில் இல்லை, அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. இரும்பு நாரில் நாலு முறை தேய்த்தால் கீறும், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் வெளுக்கும், வெயில் படும் சுவரில் டைலாகப் பதித்தால் சீக்கிரமே நீலமும் சாம்பலுமாகிவிடும். அடுப்புக்குப் பின்சுவரிலும் பதிக்க வேண்டாம். தோல் நிறம் ஆரஞ்சு பக்கம் சாய்வது இதன் நிரந்தரக் குறை. பரிசாகக் கொடுக்க, மேசையில் பேனா வைக்க, சரி.

சுட்ட டெக்கால் வேறு வகை. கனிம நிறமிகளில் அச்சிட்ட படலத்தை நீரில் நனைத்து நழுவவிட்டு ஒட்டி, சுமார் 800 டிகிரியில் மறுபடி சூளையில் வைப்பார்கள். நிறம் பளபளப்புப் பூச்சோடு உருகிச் சேரும். விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் படத்தின் விளிம்பு நூலளவு மேடாகத் தெரியும், மினுமினுப்பும் சற்று மாறும். இந்த வித்தியாசமே அடையாளம். வாங்கத் தகுந்தது இதுதான், அதுவும் சுவர்த்தட்டாக. சூளையில் சிவப்பு நிறமி பழுப்பாகச் சாயக்கூடும், இருண்ட பின்னணி தட்டையான கருப்பாகும். எனவே ‘இசைக் கலைஞர் குழு’ போன்ற பல முகம் கொண்ட ஓவியம் தட்டில் எடுபடாது. சரஸ்வதி, லட்சுமி போல வெளிச்சமான பின்னணியில் ஒற்றை உருவம் உள்ளவை எடுபடும். தங்க விளிம்புத் தட்டை மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. படம் உள்பக்கம் இருக்கும் தட்டில் உணவு பரிமாறுவதற்கு ஈயம், காட்மியம் இல்லை என்று எழுத்தில் உறுதி இருந்தால் மட்டும் வாங்குங்கள். புளிப்பு படும் இடம் அது.

பழைய பீங்கானில் தேடிப் பார்க்கத் தகுந்தவை ஜப்பானிய மஜோலிக்கா டைல்கள், அதாவது புடைப்பு உருவத்தின் மேல் வண்ணப் பளபளப்புப் பூச்சு கொடுத்தவை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இந்தியச் சந்தைக்கென்றே கிருஷ்ணன், லட்சுமி உருவங்களோடு வந்தவை. பலவற்றின் மூலம் ரவி வர்மா அச்சுப்படம். ஆறு அங்குலச் சதுரம், கோடுகள் மேடாக இருக்கும், அந்த மேட்டுக்குள் நிறப்பூச்சு தேங்கி ஆழ்ந்து தெரியும். புது நகலில் நிறம் ஒரே தடிமனில் இருக்கும். பின்பக்கம் தயாரிப்பாளர் முத்திரையும் நாட்டின் பெயரும் தேடுங்கள். விரலில் நிறுத்தித் தட்டினால் முழு டைல் கணீரென்னும், உள்விரிசல் உள்ளது மொத்தென்று கேட்கும். பின்னால் ஒட்டியிருக்கும் பழைய சாந்தை உளியால் தட்டாதீர்கள். சுண்ணாம்புச் சாந்தாக இருந்தால் ஓரிரு நாள் தண்ணீரில் ஊறவிட்டு மரச்சீவலால் சுரண்டலாம். சிமெண்ட்டாக இருந்தால் இளகாது. அந்தக் கனத்தோடேயே, பின்னால் குழி விட்ட மரச்சட்டத்தில் பொருத்திவிடுங்கள்.