மியூஸ்ஸ்கோர் ஸ்டூடியோ 4: இசை மாணவருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

மேல்நிலை வகுப்பில் மேற்கத்திய இசையைப் பாடமாக எடுத்தால் வாசிப்பு, கேட்டு அலசுவது, சொந்தமாக இயற்றுவது என மூன்றும் வரும். இசைக்குறிப்பு (நோட்டேஷன்) எழுத உதவும் இந்த மென்பொருள் மூன்றாவதற்கு. விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் இலவசம். இதே பெயரில் சந்தா கேட்கும் தளம் நோட்டேஷன் பகிரும் இடம். எழுதுவதற்கு அந்தச் சந்தா வேண்டாம்.

'என்' விசையை அழுத்தி 5 தட்டினால் குரோச்செட் (கால் நோட்), 6 தட்டினால் மினிம் (அதன் இரு மடங்கு நீளம்). பிறகு ஏ முதல் ஜி வரையுள்ள எழுத்துகளே ஸ்வரங்கள். கை பழகிவிட்டால் மவுஸ் பக்கம் போகவே தோன்றாது.

பலரும் சறுக்குவது நான்கு குரல் ஹார்மனியில் (மேலிருந்து கீழாக சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ்). சோப்ரானோவும் ஆல்டோவும் ஒரே ஸ்டேவில் (ஐந்து கோட்டு வரிசையில்) இருக்கும்போது ஆல்டோவை ஷிஃப்ட் பிடித்து கார்டாக, அதாவது ஒன்றாக ஒலிக்கும் நோட்டுக் கூட்டாக, சேர்த்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே தண்டில் தொங்கும். ஆல்டோவுக்கு மட்டும் இரண்டு குவேவர் (அரை குரோச்செட்) தர வழியிருக்காது. கண்ட்ரோல், ஆல்ட், 2 மூன்றையும் சேர்த்து அழுத்தி இரண்டாம் வாய்ஸில் (அதே ஸ்டேவில் தனியாக எழுதும் அடுக்கு) எழுதுங்கள். தண்டு தானே கீழே திரும்பும்.

கருவியின் எல்லையை மீறிய நோட்டை நிறம் மாற்றிக் காட்டும். ஹார்மனி இலக்கணப் பிழையைக் காட்டாது. பேஸ் சி-யிலிருந்து டி-க்கும், டெனர் ஜி-யிலிருந்து ஏ-க்கும் ஒன்றாக ஏறினால் அப்பட்டமான பேரலல் ஃபிஃப்த்; இரு குரலும் ஐந்து ஸ்வர இடைவெளி மாறாமல் நகரும் இதை ஹார்மனி இலக்கணம் பிழை என்கிறது. மென்பொருளோ அதையும் இனிமையாக வாசித்துக் காட்டும். அங்கேதான் ஏமாறுகிறோம். ஹார்மனிப் பயிற்சி செய்யும்போது பிளேபேக்கைத் தொடாமல், ஒவ்வொரு குரலையும் வாய்விட்டுப் பாடிப் பார்ப்பதே மேல்.

பிளேபேக்குக்கான மியூஸ் சவுண்ட்ஸ் என்னும் கருவி ஒலிகளைத் தனியாக இறக்க வேண்டும். பல ஜிபி பிடிக்கும், பழைய கணினி திணறும். தரம் அருமை, ஆனால் பாடகர் குழு வரிகளைப் பாடாது. மூச்சுவிட இடமே இல்லாத ட்ரம்பெட் வரியையும் அசராமல் ஊதும். மனிதரால் முடியுமா என்பது உங்கள் பாடு. எழுதியதைவிடக் கீழே ஒலிக்கும் பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு எழுதினால், அச்சிடும் முன் 'கான்செர்ட் பிட்ச்' (நிஜமாக ஒலிக்கும் சுருதியைக் காட்டும்) பொத்தானை அணையுங்கள். மறந்தால் வாசிப்பவருக்கு எல்லாமே ஒரு முழு ஸ்வரம் கீழே விழும்.

இசைக் கல்லூரிக்கு அனுப்பும் படைப்புத் தொகுப்புக்கு இதன் பிடிஎஃப் தாராளமாகப் போதும். அரேஞ்சர் (இசையைக் கருவிகளுக்குப் பிரித்து அமைப்பவர்) வேலைக்கோ, பதிவுக்கூடத்துக்குப் பார்ட் (ஒவ்வொரு கருவிக்கான தனித் தாள்) எழுதித் தரும் வேலைக்கோ போக நினைப்பவர் சிபேலியஸ் அல்லது டொரிகோ என்ற நோட்டேஷன் மென்பொருளையும் பழகுவது நல்லது.

கோப்பை எப்போதும் மியூசிக் எக்ஸ்எம்எல் (பல நோட்டேஷன் மென்பொருள்களும் திறக்கும் பொது வடிவம்) வடிவிலும் ஒரு பிரதி வையுங்கள். பல்லாண்டு கோலோச்சிய ஃபினாலே என்ற நோட்டேஷன் மென்பொருளை 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். அப்படிப் பிரதி வைத்திருந்தவர்களுக்கு வேறு மென்பொருளுக்கு மாறுவது எளிதாயிற்று.