செல்வமகள், பிபிஎஃப், ஃபண்ட்: காலேஜ் ஃபீஸ் கட்டும் நாளில் எது கைக்கு வரும்?

மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்தில் பெண் குழந்தை உள்ள வீடுகளில் பெரும்பாலும் ஒரு செல்வமகள் (பெண் குழந்தைகளுக்கான அரசுச் சேமிப்புத் திட்டம்) பாஸ்புக் இருக்கும். எங்கள் வீட்டிலும் இருக்கிறது. "அதான் கணக்கு இருக்குல்ல, அப்புறம் என்ன கவலை?" என்பார் என் மாமியார். முதிர்வுத் தேதியைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கவலையே வந்தது. மகளுக்கு 4 வயதில் தொடங்கியது. கணக்கு தொடங்கி 21 ஆண்டுகளில்தான் முதிரும், அதாவது அவளுடைய 25-ஆவது வயதில். அதற்குள் அவள் வேலைக்கே போயிருப்பாள்.

நடுவில் எடுக்கலாம். 18 வயது ஆக வேண்டும், அல்லது பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். அப்போதும் முந்தைய நிதியாண்டு இறுதியில் இருந்த தொகையில் பாதிதான், அதுவும் கல்லூரி கேட்கும் கட்டண அளவுக்குள். மாதம் ரூ.5,000 போட்டு, இப்போதைய 8.2% வட்டி அப்படியே நீடித்தால், 14 ஆண்டுகளில் சுமார் ரூ.15 லட்சம் சேரும். ஃபீஸ் கட்ட வருவது ஏழரை லட்சம். மீதி அவள் கல்யாணத்துக்கோ 25 வயதுக்கோ காத்திருக்கும். திட்டத்தைக் குறை சொல்லவில்லை. இவ்வளவு வட்டியும் அதற்கு முழு வரிவிலக்கும் தரும் வேறு அரசுச் சேமிப்பு எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் படிப்புக்கு என்று பார்த்தால் இது பாதிக் கணக்குதான்.

மகனுக்கு இந்தத் திட்டமே கிடையாது. மிச்சம் பிபிஎஃப், அதாவது அரசின் பொது வருங்கால வைப்பு நிதி. அதன் வட்டி 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதத்திலேயே நிற்கிறது. மகன் பெயரில் தனிக் கணக்கு தொடங்கினால் கூடுதலாகப் போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, என் கணக்கும் அவன் கணக்கும் சேர்த்தே ஆண்டுக்கு ரூ.1.5 லட்சம்தான் உச்சவரம்பு. அதனால் 2013-இல் நான் தொடங்கிய என் பழைய கணக்கையே அவன் படிப்புக்கு ஒதுக்கிவிட்டேன். அது முதிர்வது 2029-இல், அவன் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வருடம். திட்டமிட்டதெல்லாம் இல்லை, அதிர்ஷ்டம்தான்.

வரிச்சலுகைக்காகவே இவற்றில் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போட்ட பணத்துக்கான ரூ.1.5 லட்சம் வரையிலான வருமானவரிக் கழிவு பழைய வரிமுறையில் மட்டும்தான். புதிய முறைக்கு மாறியவர்களுக்கு அது போச்சு, வட்டிக்கு மட்டும் வரி இல்லை.

பெரும்பாலான பங்குச் சந்தை மியூச்சுவல் ஃபண்டுகளில் பூட்டு கிடையாது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஆண்டு லாபத்தில் ரூ.1.25 லட்சத்துக்கு மேற்பட்டதற்கு 12.5% வரி. நீண்ட காலத்தில் பிபிஎஃபைத் தாண்டும் வாய்ப்பு இதில்தான் அதிகம். ஆனால் 2020 ஜனவரியில் 41,000-க்கு மேல் இருந்த மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் மார்ச் 23 அன்று 26,000-க்கும் கீழே முடிந்தது. அந்த வாரம் அட்மிஷன் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தவரை நினைத்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் முடிவானது இது. மகளின் செல்வமகளில் மாதம் ரூ.3,000, என் பெயரில் அவளுக்காக ஒரு எஸ்ஐபி (ஃபண்டில் மாதாமாதம் போடும் முறை) ரூ.4,000. அவள் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் எஸ்ஐபி பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வங்கி ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கு மாற்றிவிடுவேன். செல்வமகளுக்கும் பிபிஎஃபுக்கும் மாதம் 5-ஆம் தேதிக்குள் பணம் விழுந்தால்தான் அந்த மாத வட்டி. சம்பளம் 1-ஆம் தேதி, அதனால் வங்கியில் 2-ஆம் தேதியைக் கொடுத்து வைத்திருக்கிறேன்.