நண்டு மைட்டோகாண்ட்ரியா வாசிக்க ஆய்வகத்துக்கு அனுப்பிய அனுபவம்

செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாகக் கொஞ்சம் டிஎன்ஏ உண்டு; நண்டின் அந்த முழு மைட்டோகாண்ட்ரியா மரபணுத்தொகுதியை எழுத்து எழுத்தாக வாசித்துத் தரும் ஒரு தனியார் ஆய்வகத்துக்குப் போன வருடம் ஆறு மாதிரிகள் அனுப்பினேன். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் விலங்கியல் ஆய்வு செய்கிற இரண்டு மூன்று பிள்ளைகள் எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதிவிடுகிறேன். வெளிமாநில நிறுவனம், பெயர் வேண்டாம். வாசிக்கிற வேலையை அவர்களிடம் நம்பிக் கொடுக்கலாம். ஆனால் கூடவே வரும் அறிக்கையை அப்படியே எடுத்து ஆய்வேட்டில் ஒட்டிவிடாதீர்கள். ஐந்துக்கு மூன்று கொடுப்பேன்.

ஏன் அனுப்பினேன் என்று முதலில் சொல்ல வேண்டும். நாம் சந்தையில் வாங்கும் நீலக்கால் நண்டை ரொம்ப காலமாக போர்டுனஸ் பெலாஜிகஸ் என்று ஒரே இனமாகத்தான் எழுதிவந்தார்கள். 2010இல் லாய், டேவி, இங் ஆகிய ஆய்வாளர்கள் உடலமைப்பையும் டிஎன்ஏவையும் சேர்த்துப் பார்த்து அதை நான்காகப் பிரித்தார்கள். அரபிக்கடல், பாரசீக வளைகுடா, செங்கடல் பக்கம் இருப்பது செக்னிஸ், வங்காள விரிகுடா பக்கம் ரெட்டிகுலேட்டஸ், ஆஸ்திரேலியாவில் ஆர்மேட்டஸ், பழைய பெலாஜிகஸ் பெயர் தென்கிழக்கு ஆசியப் பக்கத்து நண்டுக்கு நின்றுவிட்டது. இப்போது நாம் இருப்பது எங்கே என்று பாருங்கள். கிழக்கே சின்னமுட்டம், மேற்கே குளச்சல், ஒரே மாவட்டம். மீன்பிடித் தடைக்காலம்கூட கிழக்கே ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14 வரை, மேற்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை என்று இரண்டு கணக்கு. இரண்டு பக்கமும் கரையேறுவது ஒரே நண்டுதானா என்ற கேள்வி எனக்கு இளங்கலை படித்த நாளிலிருந்தே இருந்தது.

சின்னமுட்டத்தில் நண்டு தரம்பிரிக்கிற அக்கா ஒருவர்தான் மாதிரி எடுத்துத் தந்தார். ஒரு கூடைக்குள் கைவிட்டு, கடிபடாமல், பின்னங்காலைப் பிடித்துத் தூக்கித் தூக்கிப் போட்டார். முதுகில் மூன்று சிவந்த புள்ளி இருப்பது மூணு கண்ணு நண்டு, சிலுவை மாதிரி வெள்ளைக் கோடு இருப்பது சிலுவை நண்டு. சவேரியாரின் சிலுவையைக் கடலிலிருந்து எடுத்து வந்து கொடுத்த நண்டு இதுதான் என்று கோட்டாறு திருவிழாவுக்குப் போகிற யாரும் சொல்வார்கள், அவரும் சொன்னார். “நீலக்காலு ஆணு மக்களே, நெறத்தப் பாத்தாலே தெரியும்லா.” பெண் நண்டு பச்சை கலந்த பழுப்பாக இருக்கும். நீலக்காலில் கிழக்கே இரண்டு, மேற்கே இரண்டு, அப்புறம் மூணு கண்ணில் ஒன்று, சிலுவையில் ஒன்று, ஆக ஆறு.

காலின் தசையைக் கொஞ்சம் வெட்டி எத்தனாலில் போட்டு வைத்தேன். ஃபார்மலின் வேண்டாம், டிஎன்ஏ கெட்டுவிடும். நாகர்கோவிலில் கூரியர் கடையில் எத்தனால் தீப்பற்றும் பொருள் என்று வாங்க மறுத்துவிட்டார்கள், அது நியாயம்தான். ஆய்வகத்தில் போனை எடுத்த பெண் ரொம்பப் பொறுமையாக வழி சொன்னார்: எத்தனாலை வடித்துவிட்டு, தசை ஈரமாக இருக்கும்போதே மூடியைச் சுற்றி பாராஃபிலிம் என்ற இழுபடும் மெழுகுத்தாளை ஒட்டி அனுப்புங்கள். அப்படியே செய்தேன், ஆறும் நல்லபடி போய்ச் சேர்ந்தது. இந்த அக்கறைக்காகவே ஒரு மதிப்பெண்.

விலை என் ஒரு மாத உதவித்தொகையில் பாதிக்கும் மேல். சிஓஐ (சிஓஎக்ஸ்1 என்றும் சொல்வார்கள்) என்ற ஒரே மரபணுவின் 658 டிஎன்ஏ எழுத்தை மட்டும் வாசித்தால் இதில் சின்னப் பங்குதான் ஆகும், இனத்தை அடையாளம் காண அது பெரும்பாலும் போதும். ஆனால் எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்திலிருந்து எப்போது பிரிந்தது என்று கேட்டால் 658 எழுத்தில் பதில் தேறாது. முழுத்தொகுதியில் புரதத்துக்கான மரபணு 13, புரதம் கட்ட அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் டிஆர்என்ஏவுக்கானவை 22, புரதம் கட்டும் ரைபோசோமின் ஆர்ஆர்என்ஏவுக்கானவை 2, மொத்தம் 37 மரபணு இருக்கின்றன. 2003இல் வாசிக்கப்பட்ட ஜப்பானிய போர்டுனஸ் ட்ரைட்யூபர்குலேட்டஸ் நண்டில் அதன் நீளம் 16,026 எழுத்து. என்னுடைய ஆறும் அதற்குப் பக்கத்திலேயே, உடையாமல் ஒரே வட்டமாக வந்தன. வாசிப்பின் தரம் அருமை, அதில் குறையே இல்லை.

குறை அறிக்கையில். ராத்திரி பதினொரு மணிக்குக் கோப்பைத் திறந்தால், சிஓஎக்ஸ்1 மரபணு நடுவழியில் நட்சத்திரக் குறியோடு நின்றிருந்தது. அடுத்ததும் அப்படியே. நட்சத்திரம் என்றால் புரதம் அங்கே முடிகிறது என்று பொருள். ஆறு நண்டிலும் மரபணு உடைந்திருக்கிறதா, இல்லை செல்லின் உட்கருவில் இருக்கும் டிஎன்ஏவுக்குள் ஒட்டிக்கிடக்கும் போலி நகலை வாசித்துவிட்டார்களா என்று எனக்குத் தூக்கம் போச்சு. நண்டு வகைகளில் அந்தப் போலி நகல் நிஜமாகவே ஏமாற்றும். காலையில் நிதானமாகப் பார்த்தபோதுதான் நட்சத்திரம் எல்லாம் ஏஜிஏ என்ற மூன்றெழுத்தில் நிற்பது தெரிந்தது. எந்த மூன்றெழுத்தை எப்படிப் படிப்பது என்று சொல்லும் அட்டவணை ஒவ்வொரு கூட்டத்துக்கும் வேறு. முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியா அட்டவணையில், அதாவது அட்டவணை 2இல், ஏஜிஏ என்றால் நிறுத்து. முதுகெலும்பில்லாதவற்றின் அட்டவணை 5இல் அது செரின் என்ற அமினோ அமிலம். நண்டை மீன் கணக்கில் போட்டுப் படித்திருக்கிறார்கள்! லைப்சிக் பல்கலைக்கழகத்தில் உருவான மைட்டோஸ் என்ற இலவச இணையக் கருவியில் அட்டவணை 5ஐத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன், பதின்மூன்று மரபணுவும் முழுதாக வந்துவிட்டன.

இன்னொன்று இதைவிட மனதை வருத்தியது. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்துக்கான டிஆர்என்ஏ இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, வாசித்த துண்டுகளைக் கோர்ப்பதில் பிழை இருக்கலாம் என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். கணுக்காலிகளின் பழைய வரிசையில் அது என்ஏடி5, என்ஏடி4 என்ற இரண்டு புரத மரபணுவுக்கும் நடுவில் இருக்கும், உண்மைதான். ஆனால் பெரும்பாலான அசல் நண்டுகளில் அது இடம்பெயர்ந்து குளூட்டாமிக் அமிலம், ஃபீனைல்அலனின் ஆகியவற்றின் டிஆர்என்ஏக்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். அந்த இடமாற்றம்தான் இவை ஒரு தாய் வழி வந்தவை என்பதற்கு அழகான அடையாளம். நண்டு உருவத்தை வைத்துச் சொந்தம் சொல்ல முடியாது, அந்த உருவமே தனித்தனியாகப் பல முறை தோன்றியிருக்கிறது. அலாஸ்கா ராஜ நண்டு பார்க்க நண்டு, பிறப்பால் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டின் கூட்டம். அதனால்தான் மரபணு வரிசையைப் பார்க்கிறோம். அதைப் போய் பிழை என்று எழுதினால், புதிதாக வரும் மாணவர் அதை நம்பித் திருத்திவிட மாட்டாரா?

இனப்பெயரும் நீலக்கால் நான்குக்கும் பெலாஜிகஸ் என்றே போட்டிருந்தார்கள், தரவுத்தளத்தில் பழைய பெயரில் கிடக்கும் பதிவுகளில் முதலில் ஒத்துவந்ததை எடுத்துப் போட்டதால். 2010க்குப் பிந்தைய பதிவுகளோடு நானே ஒப்பிட்டதில் கிழக்கு, மேற்கு இரண்டும் ரெட்டிகுலேட்டஸ் பக்கமே சேர்ந்தன. நான்கு நண்டை வைத்துக்கொண்டு இரண்டு கடலுக்குத் தீர்ப்பு எழுத முடியாது, இன்னும் நிறைய வேண்டும்.

புகார் எழுதியதும் மூன்றே நாளில் மூலத்தரவு முழுவதையும் அனுப்பினார்கள், அறிக்கையை மட்டும் திருத்தவில்லை. மூலத்தரவு வேண்டும் என்று பணம் கட்டும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து மணக்குடிக் காயலின் களிநண்டு நான்கு இதே ஆய்வகத்துக்குப் போகிறது. விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே அட்டவணை 5 என்று பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.